வீட்டு ரெசின் பிரிண்டரில் பீங்கான் பாகம் செய்யலாமா? மண்டபத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம் அலங்கார மீன் குஞ்சு வளர்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கடல்நீர் ஓடும் சின்ன மோட்டார் பம்புகளில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் ஷாஃப்ட் அடிக்கடி உடைகிறது, உதிரி கிடைப்பதில்லை. அவரிடம் 405 நானோமீட்டர் எல்சிடி ரெசின் பிரிண்டர், அதாவது ரெசின் என்ற திரவத்தை ஒளியால் அடுக்கடுக்காக இறுக்கிப் பொருள் செய்யும் மெஷின், ஒன்று இருக்கிறது. செராமிக் ரெசின் வாங்கி ஊற்றி ஷாஃப்ட், அது சுற்றும் புஷ், கூடவே நுண்குமிழ் விடும் காற்றுத் தலை மூன்றையும் அடித்து, மானாமதுரையில் பானை சுடும் சூளையில் வைத்து எடுத்தால் போதுமா என்கிறார். படிக்கும்போது பிரிண்டர் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. அவருக்குத் தெரிய வேண்டியது, இந்த வேலை முழுவதையும் தன் கொட்டகையிலேயே முடித்துக்கொள்ள முடியுமா என்பதுதான்.

சுருக்கமாகச் சொன்னால், ஷாஃப்டுக்கு இந்த முறை வேண்டாம். புஷ்ஷுக்கும் அநேகமாக வேண்டாம். காற்றுத் தலைக்கு முயன்று பார்க்கலாம், ஆனால் மானாமதுரைச் சூளையில் அல்ல. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் தேவிபட்டினம். பிழைப்பு, அலுமினா (அலுமினிய ஆக்சைடு), சிர்கோனியா (சிர்கோனிய ஆக்சைடு) என்ற பீங்கான் வகைகளில் பாகங்கள் செய்யும் ஆலையில், பெரும்பாலும் சூளைப் பக்கம். அதனால் என் பார்வை சூளையை நோக்கிச் சாய்ந்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த ரெசின் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒளி பட்டால் இறுகும் பிளாஸ்டிக் திரவம்தான் அடிப்படை. அதில் ஒரு மைக்ரானுக்கும் (மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த அல்லது ஒன்றிரண்டு மைக்ரான் அளவுள்ள பீங்கான் தூளைக் கலந்திருப்பார்கள். நல்ல கலவையில் கொள்ளளவில் 40 முதல் 60 சதவீதம் வரை தூள் இருக்கும். பாதிக்குப் பாதி அலுமினா என்றால் எடைக் கணக்கில் அது முக்கால் பங்கைத் தாண்டிவிடும். பிரிண்டரின் வெளிச்சம் இந்தத் தூளை ஒன்றும் செய்வதில்லை. சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் இறுக வைக்கிறது, தூள் அதற்குள் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. எனவே பிரிண்டரிலிருந்து இறங்குவது பீங்கான் இல்லை, பீங்கான் தூள் அடைத்த பிளாஸ்டிக். அதன்பின் பிளாஸ்டிக்கை எரித்து வெளியேற்ற வேண்டும், மிஞ்சும் தூளை உச்ச வெப்பத்தில் ஒட்டவைக்க வேண்டும். அப்போதுதான் அது பீங்கான் ஆகிறது.

இது புதிய வித்தையும் இல்லை. ஒளியால் ரெசினை அடுக்கடுக்காக இறுக்கும் முறைக்கு அமெரிக்காவின் சக் ஹல் 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே முறையில் பீங்கான் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மிஷெல் கிரிஃபித்தும் ஜான் ஹாலொரனும். 1996இல் வந்த அவர்களுடைய கட்டுரையில் மணலின் மூலப்பொருளான சிலிகா, அலுமினா, சிலிக்கான் நைட்ரைடு மூன்றையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இன்று வியன்னாவின் லித்தோஸ், பிரான்சில் லிமோஜ் நகரத்தின் த்ரீடி செராம் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே மெஷின் விற்கின்றன. ஆக, முடியுமா என்ற சந்தேகம் யாருக்கும் இல்லை. உங்கள் மேசைமேல் இருக்கும் மெஷினில் எந்த அளவுக்கு முடியும் என்பதில்தான் சிக்கல்.

முதல் சிக்கல் வெளிச்சத்தில். நீலக்கல்லும் அலுமினாதான், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். அதையே பொடியாக்கினால் சுண்ணாம்பு போல வெள்ளையாகிவிடுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு துகளும் ஒளியைத் திசைதிருப்பிச் சிதறடிக்கிறது. ஒளி துகளுக்குள் எவ்வளவு வளைகிறது, சுற்றியுள்ள ரெசினில் எவ்வளவு வளைகிறது என்ற இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் சிதறலைத் தீர்மானிக்கிறது. ரெசினின் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட 1.5. சிலிகாவுக்கு 1.46, அதனால் சிதறல் மிகக் குறைவு. அலுமினாவுக்கு 1.77. சிர்கோனியாவுக்கு 2.1க்கும் மேல். அந்த வித்தியாசத்தின் வர்க்கத்தை ஒட்டிச் சிதறல் ஏறுவதால், அலுமினாவை விட சிர்கோனியா பல மடங்கு தொந்தரவு தரும். சிலிக்கான் கார்பைடு கருப்பாக இருந்து ஒளியை விழுங்கியே விடும். சிதறிய ஒளி கீழே ஆழமாகப் போகாது, பக்கவாட்டில் பரவும். லேயர் கீழ் லேயரோடு சரியாக ஒட்டுவதற்காக நேரத்தைக் கூட்டினால், பக்கவாட்டில் தேவையில்லாத இடமும் இறுகிவிடும். உங்கள் பிரிண்டரின் பிக்சல் 35 அல்லது 50 மைக்ரான் என்று பெட்டியில் போட்டிருக்கும். அது வெறும் ரெசினுக்கான கணக்கு. அலுமினாத் தூள் கலந்த ரெசின் கூழில் 0.2 மி.மீ. ஓட்டை வரைந்தால் அது அடைத்துக்கொண்டு வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, கூழ் கெட்டியாக இருப்பது. வீட்டு பிரிண்டரில் தட்டு மேலே எழும்போது ரெசின் தானாக ஓடி வந்து காலி இடத்தை நிரப்ப வேண்டும். பாதி தூளாக இருக்கும் கூழ் அவ்வளவு சீக்கிரம் ஓடாது. இதற்கென்று செய்த மெஷின்களில் ஒரு கத்தி ஒவ்வொரு லேயருக்கும் கூழை வழித்துச் சமமாகப் பரப்பும். உங்களுடையதில் அது இல்லை. மேலும், ரெசின் தொட்டியின் அடியிலுள்ள ஃபிலிமிலிருந்து ஒவ்வொரு லேயரும் பிய்த்துக்கொண்டு வர வேண்டும். தூள் நிறைந்த லேயருக்கு இழுவலிமை குறைவு, மெல்லிய சுவர்கள் அங்கேயே கிழியும். தூள் குறைவாக உள்ள கூழ் நன்றாக ஓடும், ஆனால் அதற்கான விலையைச் சூளையில் கொடுக்க வேண்டியிருக்கும். சாதாரண எல்சிடி மெஷினில் அழகான பீங்கான் பாகம் எடுத்தவர்களின் படங்கள் நிறைய வருகின்றன, பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து எடுத்தால் பத்தும் ஒரே அளவில் வருமா என்பதை அந்தப் படங்கள் காட்டுவதில்லை.

அளவு என்றதும் ஷாஃப்டுக்கு வருவோம். கொள்ளளவில் 50 சதவீதம் தூள் இருக்கும் பாகம் சூளையில் துளையே இல்லாமல் முழுதாக இறுகினால் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் சுமார் 20.6 சதவீதம் சுருங்கும். 45 சதவீதம்தான் தூள் என்றால் சுருக்கம் 23.4 சதவீதம். 3 மி.மீ. ஷாஃப்ட் வேண்டுமென்றால் முதல் கணக்குப்படி 3.78 மி.மீ. அடிக்க வேண்டும். உங்கள் கூழ் உண்மையில் 45 சதவீதமாக இருந்துவிட்டால் சுட்டபின் கையில் வருவது 2.9 மி.மீ. அந்த 0.1 மி.மீ. வித்தியாசம் அலங்காரப் பொம்மைக்குப் பரவாயில்லை. ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியோ மி.மீட்டரில் நூற்றில் சில பங்கு மட்டுமே. அடுக்கு ஏறும் திசையில் சுருக்கம் கொஞ்சம் வேறாகவும் இருக்கும், அதனால் ஷாஃப்டைப் படுக்க வைத்து அடித்தால் முட்டை வடிவம் ஆகும். நிறுத்தி வைத்து அடித்தால் வட்டம் சரியாக வரும், ஆனால் லேயர் ஒட்டும் இடங்கள் எல்லாம் ஷாஃப்டைக் குறுக்கே வெட்டும் கோடுகளாக அமையும். வளைக்கும் விசை வந்தால் அந்தக் கோட்டில்தான் விரிசல் ஓடும். இவ்வளவும் சமாளித்து எடுத்தாலும் மேற்பரப்பில் படிப்படியாக லேயர் தழும்பு இருக்கும், வைரக்கல்லில் அரைத்து மெருகேற்றாமல் புஷ்ஷுக்குள் ஓட்ட முடியாது. அரைக்கத்தான் போகிறோம் என்றால் ஏற்கெனவே சுட்டு அரைத்து விற்கும் அலுமினா கம்பியை வாங்கி, வைரச் சக்கரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே நீளத்துக்கு வெட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நேரான உருண்டைக் கம்பி செய்ய பிரிண்டர் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஷாஃப்ட் ஏன் உடைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நீங்கள் கேள்வியோடு போட்ட உடைந்த ஷாஃப்ட் படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அனுபவத்தில் மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். தண்ணீர் இறங்கிப் பம்பு உலர்ந்து ஓடி, சூடேறிய பீங்கான்மேல் திடீரென்று குளிர்ந்த நீர் படுவது ஒன்று. பம்பை நிறுத்தி அப்படியே காயவிட்டு, இடைவெளியில் உப்பு கட்டிப்போன பிறகு மறுபடி ஸ்விட்ச் போடுவது இன்னொன்று. மூன்றாவது, மணல். நம் கரையில் நீர் உறிஞ்சும் குழாய் முனையில் வலை சரியில்லை என்றால் எந்தப் பீங்கானும் தாங்காது. பம்பை நிறுத்தினால் நல்ல தண்ணீரில் ஒருமுறை ஓட்டிவிட்டு வையுங்கள். பாதி உடைப்பு அதிலேயே நின்றாலும் ஆச்சரியமில்லை.

அப்புறம் சூளை. பிளாஸ்டிக்கை எரித்து எடுக்கும் கட்டம்தான் பாகங்களின் சுடுகாடு. இறுகிய ரெசின் உருகி ஓடாது, 200 முதல் 500 டிகிரிக்குள் சிதைந்து வாயுவாகத்தான் வெளியேறும். வேகமாகச் சூடேற்றினால் வாயுவுக்கு வழி கிடைக்காமல் பாகம் உப்பும், லேயர் லேயராகப் பிளக்கும். ஈரப் பானையை வெயிலில் வைக்காமல் நிழலில் மெல்லக் காயவைக்கும் அதே பொறுமைதான் இங்கும் வேண்டும், நிமிடத்துக்கு அரை டிகிரி அல்லது அதற்கும் குறைவு. ஒரு நாள், இரண்டு நாள் சர்வசாதாரணமாக ஆகும். சுவர் தடிமன் சில மி.மீட்டரைத் தாண்டினால் எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஆபத்து. இந்த முறை சின்னஞ்சிறு பாகங்களுக்கே பேர்போனதாக இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். மெல்லிய சுவரிலிருந்து வாயு எளிதாகத் தப்பிக்கிறது.

அதற்குமேல் ஒட்டவைக்கும் வெப்பம். அலுமினாவுக்கு 1,600 டிகிரியை ஒட்டி, சிர்கோனியாவுக்கு 1,450 முதல் 1,500. மானாமதுரையில் கடம் செய்பவர்களின் கைக்கு நான் பெரிய ரசிகன். ஆனால் விறகு வைத்துச் சுடும் மண்பாண்டச் சூளை 1,000 டிகிரிக்குள் நிற்கும், களிமண்ணுக்கு அதுவே போதும். அந்த வெப்பத்தில் சுத்தமான அலுமினாத் தூள் ஒன்றோடொன்று லேசாகத் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். நகத்தால் சுரண்டினால் சாக்பீஸ் மாதிரி உதிரும். சாதாரண கம்பிச் சுருள் வைத்த மின்சூளையும் 1,300 டிகிரி வாக்கில் மூச்சு வாங்கும். 1,600க்குப் போக மாலிப்டினம் டைசிலிசைடு தண்டுகள் உள்ள ஃபர்னஸ் வேண்டும், அதன் விலை உங்கள் பிரிண்டர் விலையைப் போலப் பல மடங்கு.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மண்டபத்தில் காரைக்குடி சிக்ரியின் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) அரிப்பு ஆய்வு நிலையம் சும்மா அமைக்கப்படவில்லை, இரும்பைத் தின்னும் காற்று அது. அந்த உப்பு உங்கள் பாகத்தில் படிந்தால் சோடியம் சூளைக்குள் வேலையைக் காட்டும். சிலிகாவோடு சேர்ந்து கண்ணாடிப் பூச்சாக மாறும், மேல்நாட்டுக் குயவர்கள் வேண்டுமென்றே உப்பை வீசிப் பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றுவது இந்த வினையால்தான். எங்கோ ஓர் இடத்தில் மட்டும் அப்படி நடந்தால் பாகம் கோணும். அடித்த பாகத்தை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், கடல்நீர் தொட்ட கையால் எடுக்காதீர்கள். இரண்டாவது மின்வெட்டு. உச்ச வெப்பத்தில் கரண்ட் போனால் பாகம் சரியாக இறுகாமல் போகலாம், மறுபடி சுட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் எரியும் கட்டத்தில் போய், திரும்பியதும் கன்ட்ரோலர் விட்ட வெப்பநிலையைப் பிடிக்க ஒரே ஓட்டமாக ஓடினால் அத்தனையும் வெடிக்கும். எந்தச் சூளை வாங்கினாலும் கரண்ட் வந்த பிறகு அது எப்படித் தொடர்கிறது என்பதை முதலில் கேளுங்கள்.

புஷ்ஷுக்கு ஒரு மாற்று வழி சொல்கிறேன். மதுரை மாதிரி ஊர்களில் பல் மருத்துவத்துக்கு சிர்கோனியா கிரீடம் செய்யும் டென்டல் லேப்கள் இருக்கின்றன. அரைகுறையாகச் சுட்ட சிர்கோனியா வட்டை, சுருக்கத்துக்கு ஏற்ப இருபது இருபத்தைந்து சதவீதம் பெரிதாகக் கடைந்து, பிறகு 1,500 டிகிரியை ஒட்டிச் சுடுவார்கள். ஒவ்வொரு வட்டுக்கும் சுருக்க எண் அச்சிட்டே வரும், அளவு பிசகாது. உங்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பேசிப்பாருங்கள், ஒத்துக்கொள்ளும் லேப் கிடைத்தால் பிரிண்டரை விட மேல். ஒரே ஒரு தயக்கம்: சிர்கோனியா ஈரத்தில் நாள்பட மேற்பரப்பில் படிக அமைப்பு மாறி வலுவிழக்கும் குணம் கொண்டது. அது 200, 250 டிகிரி நீராவியில் வேகமாக நடக்கிறது என்பது உறுதி. 30 டிகிரி கடல்நீரில் மிக மெதுவாகத்தான் நடக்கும், பம்பின் ஆயுளுக்குள் அது ஒரு பிரச்சினையாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

காற்றுத் தலைக்கு நிலைமை வேறு. அது முழுதாக இறுக வேண்டிய பாகமே இல்லை, துளை இருந்தால்தான் வேலை செய்யும். சிலிகா கலந்த செராமிக் ரெசின்கள் 1,250, 1,300 டிகிரி வாக்கில் சுடக்கூடியவை, ஸ்டுடியோ பாட்டரிக்காரர்களின் மின்சூளை அதற்குப் போதும். மேலே சொன்னதுபோல் சிலிகா ஒளியையும் அதிகம் சிதறடிக்காது, வீட்டு மெஷினுக்கு ஏற்றது. உள்ளே கிளை கிளையாகக் காற்று வழி வைத்து, வெளிச்சுவரை மட்டும் மெல்லிசாக வரைந்து பார்க்கலாம். அந்த மாதிரி உள்வழிகளைக் கடைசலில் கொண்டுவரவே முடியாது, இந்த முறைக்குப் பொருத்தமான வேலை அதுதான். விமான இஞ்சின் பிளேடுகளை வார்க்கும்போது உள்ளே வைக்கும் பீங்கான் அச்சுகளை இப்படி அடிப்பதும் இதனால்தான். ஆனால் ஒன்று. கடல்நீரில் குமிழ்கள் நல்ல தண்ணீரில் போல ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதில்லை, உப்பு அதைத் தடுக்கிறது. அதனால் கடையில் கிடைக்கும் சாதாரண ஏர்ஸ்டோனே உங்கள் தொட்டியில் நன்றாகப் பொடிக் குமிழ் விடும். அடித்துப் பார்க்கும் ஆசைக்குச் செய்யுங்கள், தேவைக்கு வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில் குஞ்சு வளர்ப்பவருக்கு மிக முக்கியமான விஷயம். சுடாத ரெசின் பாகத்தை, செராமிக் ரெசினோ சாதா ரெசினோ, குஞ்சுத் தொட்டியில் போடவே போடாதீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் 2015இல் வரிக்குதிரை மீன் கருக்களை பிரிண்ட் செய்த பாகங்களோடு வைத்துப் பார்த்தார்கள். ரெசினில் அடித்த பாகத்தோடு இருந்தவை செத்துப்போயின. பாகத்துக்குக் கூடுதலாகப் புற ஊதா ஒளி காட்டியபோது நச்சு குறைந்தது. முழுதாகச் சுட்டதில் பிளாஸ்டிக் மிஞ்சாது, ஆனால் உள்ளே சாம்பல் நிறத் திட்டு தெரிந்தால் சரியாக எரியவில்லை என்று அர்த்தம், தூக்கிப் போடுங்கள். அடித்த பாகத்தில் ஒட்டியிருக்கும் ரெசினைக் கழுவிய ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைச் சாக்கடையிலோ கடலிலோ ஊற்றக் கூடாது. நைட்ரைல் கையுறை கட்டாயம், இந்தத் திரவங்கள் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் அலர்ஜியாகிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுவதும் விடாது. காய்ந்த சிலிகாக் கூழை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வியின் கடைசியில், ஒரு வீடியோவில் முடியை விட மெல்லிய பீங்கான் கூடு பார்த்தேன், அது எப்படி என்றும் கேட்டிருந்தார். அது வேறு உலகம். ஒளிக்கற்றையை ஒரு புள்ளியில் குவித்து, இரண்டு ஒளித்துகள்களை ஒரே சமயத்தில் விழுங்கும் இடத்தில் மட்டும் ரெசினை இறுக்குகிறார்கள். 2001இல் ஒசாகாவில் இப்படித்தான் 10 மைக்ரான் நீளக் காளை மாடு ஒன்றைச் செய்தார்கள். அவ்வளவு நுணுக்கத்தில் தூள் கலந்த கூழ் சரிப்படாது, துகளே பாகத்தின் அளவுக்கு வந்துவிடும். அதனால் தூளே இல்லாத, சுட்டால் தானே பீங்கானாக மாறும் சிலிக்கான் கலந்த பாலிமர்கள் ஒரு வழி. 2016இல் கலிஃபோர்னியாவின் ஹெச்ஆர்எல் ஆய்வகம் அந்த வகைப் பாலிமரைச் சாதாரண ஒளி பிரிண்டரிலேயே அடித்து, 1,000 டிகிரியில் சுட்டுக் காட்டியது. அதுவும் 30 சதவீதம் சுருங்கியது. இன்னொரு வழி, துகளை மிகப் பொடியாக்குவது. 2017இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் நானோ அளவு சிலிகா கலந்த ரெசினை அடித்து, 1,300 டிகிரியில் தெளிந்த கண்ணாடியாக்கினார்கள். பார்க்கப் பிரமாதம்தான், பம்புக்கு உதவாது.

இவ்வளவுக்குப் பிறகும் செராமிக் ரெசின் ஒரு பாட்டில் வாங்கிப் பார்க்கத்தான் போகிறேன் என்றால், நான் தடுக்க மாட்டேன். வாங்கும் முன் விற்பவரிடம் தூளின் கொள்ளளவு சதவீதம், சுடும் அட்டவணை, மூன்று திசையிலும் சுருக்கம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள். முதலில் 2 மி.மீ. தடிமனில், 10 மி.மீ. நீளத்தில் பட்டைகளை மட்டும் அடித்து, சுடுவதற்கு முன்னும் பின்னும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். பாட்டிலை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள், தூள் அடியில் தங்கிவிடும். கழுவும்போது ஆல்கஹாலில் ஊறப்போடாமல் ஓரிரு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், ஊறினால் பாகம் வீங்கிச் சூளையில் விரியும். பட்டைகளின் அளவு வந்ததும் இங்கேயே போடுங்கள், காற்றுத் தலையை எவ்வளவு பெரிதாக வரைய வேண்டும் என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.